ஏழு லட்சத்தை லீஸுக்குக் கொடுக்காதீர்கள், அம்மா

கேள்வி: எனக்கு 63 வயது. அம்பத்தூரில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். என் கணவர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் ஆலையில் பிட்டராக இருந்தார்; மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். அவருடைய பி.எஃப். ஓய்வூதியத்தில் எனக்கு மாதம் 2,340 ரூபாய் வருகிறது. பி.எஃப். பணமும் இன்ஷூரன்ஸ் பணமும் சேர்த்து 7 லட்சத்தை வங்கியில் வைப்புநிதியாகப் போட்டிருக்கிறேன். அதில் மாத வட்டி 3,800. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் 4,000 அனுப்புகிறான். வாடகை 6,000 கொடுத்து வருகிறேன். அடுத்த மாதத்திலிருந்து 7,500 தரவேண்டும், இல்லையென்றால் காலி செய்துவிடுங்கள் என்று வீட்டுக்காரர் வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டார். முதலில் எழுதிய 11 மாத ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. என் அட்வான்ஸ் 40,000 அவரிடம் இருக்கிறது.

பட்டாபிராமில் என் அக்கா இருக்கிறார். அவரும் என்னைப் போலத்தான், 4,500 வாடகையில் தனியாக இருக்கிறார். அவரைப் பார்க்கப் போனபோது ஒரு புரோக்கர் ஆவடியில் ஒரு வீட்டைக் காட்டினார். வாடகைக்கு விட்டால் 9,000 வருமாம். 7 லட்சம் லீஸ் கொடுத்தால் வாடகையே வேண்டாம், மூன்று ஆண்டு கழித்து முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்கிறார். ஆடி பிறப்பதற்குள் 50,000 டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறார். எங்கள் தெருவில் இன்னொருவர், ஒன்றரை லட்சம் கொடுத்தால் பெரும்பாக்கத்தில் வாரிய வீடு வாங்கித் தருகிறேன் என்கிறார். மகனிடம் எதையும் சொல்லவில்லை. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். யாருக்கும் பாரமாக இருக்க எனக்கு விருப்பமில்லை. நான் என்ன செய்யலாம்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அம்பத்தூர்

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த 50,000 டோக்கன் அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதம் எனக்கு வந்து சேர்வதற்குள் கொடுத்துவிட்டீர்கள் என்றால், யாரிடம், எந்தத் தேதியில், எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதை எழுதி, பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்றே விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். ஆடி பிறந்தால் பிறக்கட்டும். ஆடி மாதத்தால் உங்களுக்கு நன்மைதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

லீஸ் வேண்டாம் என்று வெறுமனே சொன்னால் நீங்கள் ஏற்க மாட்டீர்கள், ஏற்கவும் கூடாது. கணக்குப் பார்த்தால் லீஸ் நன்றாகத்தான் தெரியும். இன்று உங்கள் வருமானம் 10,140 ரூபாய். வாடகை 7,500 ஆனால் கையில் நிற்பது 2,640. அதில்தான் அரிசி தவிர மற்ற மளிகை, பால், மாத்திரை, மின்கட்டணம், போக்குவரத்து எல்லாம் நடக்கவேண்டும், நடக்காது. லீஸுக்குப் போனால் வட்டி 3,800 நின்றுவிடும், ஆனால் வாடகையும் இல்லை. ஓய்வூதியமும் மகன் அனுப்புவதும் சேர்ந்து 6,340 அப்படியே கையில் நிற்கும். 2,640 எங்கே, 6,340 எங்கே? இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பலரும் லீஸுக்குப் போகிறார்கள். அவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர்.

ஆனால் இதே கணக்கை வீட்டுக்காரரின் பக்கத்திலிருந்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். மாதம் 9,000 வாடகை வரக்கூடிய வீடு, ஆண்டுக்கு 1,08,000. அந்த வருமானத்தை விட்டுக்கொடுத்து உங்களிடம் 7 லட்சம் வாங்குகிறார். அதாவது உங்கள் பணத்துக்கு அவர் ஆண்டுக்கு 15 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுப்பதற்குச் சமம். வீட்டுப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு வங்கி இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கும். அப்படியிருக்க அவர் ஏன் வங்கிக்குப் போகாமல் உங்களிடம் வருகிறார்? அந்த வீட்டின்மீது ஏற்கெனவே கடன் இருக்கலாம். பத்திரத்தில் சிக்கல் இருக்கலாம். தவணை கட்டத் தவறியதால் வங்கி அவருக்கு மேலும் கொடுக்க மறுத்திருக்கலாம். நேர்மையான காரணமும் இருக்கக்கூடும். மகளின் திருமணத்துக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டிருக்கலாம், வங்கி அலைச்சல் வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் எந்தக் காரணமாக இருந்தாலும், வாங்கிய பணத்தை அவர் செலவழித்துவிடுவார். மூன்று ஆண்டு கழித்து உங்களுக்குத் திருப்பித் தர அவருக்கு இருக்கும் வழி, அடுத்து லீஸுக்கு வருபவரிடம் வாங்குவதுதான். அவர் கிடைக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும்.

இந்த வழக்குகள் பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்கின்றன. லீஸ் எழுதுவது ஒரு சாதாரண முத்திரைத்தாளில், பதிவு செய்வதில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அந்தச் செலவை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி புரோக்கரே தடுத்துவிடுவார், அல்லது 11 மாதத்துக்கு மட்டும் எழுதி, மீதியை வாய்ச்சொல்லாக விட்டுவிடுவார். ஒன்றரை ஆண்டு அமைதியாகப் போகும். ஒருநாள் வங்கியிலிருந்து ஆட்கள் வந்து கதவில் அறிவிப்பை ஒட்டுவார்கள். வீட்டுக்கடன் தவணை நின்றுபோயிருக்கும். வாராக்கடனை வசூலிக்க வங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி, தலைமை நீதித்துறை நடுவர் அல்லது மாவட்ட ஆட்சியரின் உத்தரவைப் பெற்று வீட்டைத் தன் வசம் எடுத்துக்கொள்ள முடியும். வங்கிக்கு அடமானம் வைத்த பிறகு, வங்கியின் சம்மதமில்லாமல் எழுதிய லீஸ் வங்கியைக் கட்டுப்படுத்தாது. உங்கள் 7 லட்சம் வீட்டுக்காரர் உங்களுக்குத் தரவேண்டிய தனிப்பட்ட கடனாக நிற்கும். அதற்குத் தனியாக வழக்குப் போட வேண்டும். தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகும். கடனில் மூழ்கியவரிடமிருந்து தீர்ப்புப்படி வசூலிப்பது அதைவிடக் கடினம். வேறொரு வகையும் உண்டு: இடைத்தரகர் ஒருவர் உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுத்து, அதையே உங்களைப் போன்றவர்களுக்குத் தன் பெயரில் லீஸுக்கு விட்டுவிடுவார். சில மாதம் உரிமையாளருக்கு வாடகை போகும், பிறகு நின்றுவிடும், ஆளும் இருக்கமாட்டார். உரிமையாளர் வந்து, நீங்கள் யார் என்று உங்களைக் கேட்பார்.

முப்பத்தைந்து வயதில் சம்பளம் வாங்கும் ஒருவர் இதில் பணத்தை இழந்தால், பத்து ஆண்டில் எழுந்துவிடலாம். உங்களுக்கு அந்தப் பத்து ஆண்டில் சம்பளம் வரப்போவதில்லை. உங்கள் கணவர் உழைத்துச் சேர்த்த இந்த 7 லட்சம் இருக்கும்வரைதான் எந்த வீட்டுக்காரரிடமும் நீங்கள் நிமிர்ந்து பேச முடியும். அதனால் அதை யாருடைய வீட்டுக்குள்ளும் போடாதீர்கள்.

உங்கள் உறவினர்களில் வேறு யாராவது லீஸுக்குப் போவதாக இருந்தால், அவர்களுக்கும் பயன்படட்டும் என்று இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன். ஒன்று, அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் மட்டும்தான் இருக்கிறது, அசல் லாக்கரில் இருக்கிறது, அண்ணனிடம் இருக்கிறது என்றால் அது எங்கேயோ அடமானத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு, வீட்டின்மீது பதிவாகியிருக்கும் விற்பனை, அடமான விவரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். கணவன் பெயரில் உள்ள வீட்டுக்கு மனைவி கையெழுத்துப் போட்ட லீஸ்களும் உண்டு. அதனால் பத்திரத்தில் உள்ள பெயரும் கையெழுத்துப் போடுபவரின் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும்.

இனி உங்கள் வருமானம். வங்கி வைப்புநிதியில் 3,800 வருகிறது. நீங்கள் 60 வயதைக் கடந்தவர். அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் கணக்குத் தொடங்கலாம். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி விகிதத்தை அறிவிக்கும். நீங்கள் பணம் போடும் நாளில் இருக்கும் விகிதம் உங்களுக்கு ஐந்து ஆண்டுக்கும் மாறாது. 8.2-க்கே கணக்குப் போடுகிறேன். 6 லட்சத்தை அதில் போட்டு, 1 லட்சத்தை அவசரத்துக்கென்று வங்கியிலேயே விடுங்கள். 6 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 49,200, மாதத்துக்கு 4,100. வங்கியில் இருக்கும் 1 லட்சத்துக்கு மாதம் 540 அளவில் வரும். மொத்தம் 4,640, இப்போது வருவதைவிட 840 ரூபாய் அதிகம். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: இந்த வட்டி மாதாமாதம் வராது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12,300 ரூபாயாகச் சேமிப்புக் கணக்கில் விழும். வந்தவுடன் மூன்று பங்காகப் பிரித்து வைக்கவேண்டும்.

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். ஓய்வூதியம் 2,340, வட்டி 4,640, மகன் அனுப்புவது 4,000; மொத்தம் 10,980. மாதம் 5,000 வாடகையில் ஒரு வீடு கிடைத்தால் கையில் நிற்பது 5,980. லீஸுக்குப் போனால் நிற்பது 6,340. வித்தியாசம் மாதம் 360 ரூபாய்தான். இந்த 360 ரூபாய்க்காக 7 லட்சத்தை ஆபத்தில் வைக்கவேண்டுமா? ஆகவே உங்கள் முன் உள்ள வேலை, 5,000 அளவில் ஒரு நல்ல வீட்டைக் கண்டுபிடிப்பது. அதைத் தேட உங்களுக்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தைச் சட்டம் ஓரளவு தருகிறது.

தமிழ்நாட்டில் வாடகைக்கான புதிய சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்படவேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் அந்தப் பொறுப்பில் இருப்பார். வாடகையை உயர்த்த வேண்டுமானால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, மூன்று மாதம் முன்பாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். அடுத்த மாதமே 7,500 என்று வாய்ச்சொல்லாகச் சொன்னது முறையான அறிவிப்பு ஆகாது. உங்களை வெளியேற்ற வேண்டுமானால் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். சாமான்களைத் தூக்கி வெளியே வைப்பதோ, தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதோ சட்டத்துக்கு விரோதம்.

உங்கள் பக்கம் ஒரு பலவீனமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. உங்கள் ஒப்பந்தம் முடிந்து நெடுநாளாகிவிட்டது. இந்தச் சட்டத்தில், முடிந்துபோன ஒப்பந்தம் பழைய நிபந்தனைகளோடு மாதாமாதம் நீடிப்பதாகக் கொள்வது அதிகபட்சம் ஆறு மாதத்துக்குத்தான். அதற்குப் பிறகு எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதே, வெளியேற்றும்படி நீதிமன்றத்தில் கேட்க வீட்டுக்காரருக்கு ஒரு காரணமாகிவிடுகிறது. ஆகவே சண்டைக்குப் போகாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். 6,500 தருகிறேன், இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்வோம் என்று கேளுங்கள். ஒழுங்காக வாடகை கொடுத்து, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் ஒருவரை அனுப்பிவிட்டு, புதிய ஆளுக்காக வெள்ளையடித்து, ஒரு மாதம் வீட்டைப் பூட்டி வைப்பதில் அவருக்கும் நஷ்டம் உண்டு. 6,500-க்கு மேல் போகாதீர்கள்; உங்கள் வருமானம் தாங்காது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால், மூன்று மாத அவகாசம் கொடுங்கள், வீடு பார்த்துப் போய்விடுகிறேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் அதற்குச் சம்மதிப்பார்கள்.

இதற்கிடையில் வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அவர் கணக்குக்கு அனுப்புங்கள். வாங்க மறுத்தால் மணியார்டர் அனுப்பலாம். அதையும் மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி இருக்கிறது. இரண்டு மாதம் வாடகை பாக்கி என்ற பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். பழைய ஒப்பந்தத்தைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் 40,000 ரூபாய்க்கு அதுதான் சாட்சி. காலி செய்தபின் நியாயமான கழிவுகள் போக, அந்த அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும். புதிய வீட்டுக்கு, வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. 5,000 வாடகை வீட்டுக்கு அது 15,000. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழைய பழக்கம் சென்னையில் இன்னும் போகவில்லை. கேட்டால் சட்டத்தைச் சொல்லித் தயங்காமல் பேசுங்கள். வழக்கு என்று வந்துவிட்டால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 15100 என்ற எண்ணில் பேசலாம்.

வீடு தேடுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆயிரம், இரண்டாயிரம் அங்கேதான் மிச்சமாகிறது அல்லது கைவிட்டுப் போகிறது.

ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் யாரும் குடி போகமாட்டார்கள். ஆனியில் காலியான வீடு ஆவணிவரை பூட்டிக் கிடக்கும். புரோக்கர் ஆடிக்கு முன்னால் என்று அவசரப்படுத்துவது அவருடைய கமிஷனுக்காக. நீங்கள் ஆடி முழுவதும் நிதானமாகப் பாருங்கள். அந்த மாதத்தில் வீட்டுக்காரர்கள் 500 ரூபாயாவது இறங்கி வருவார்கள். பேசி முடித்து, ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுங்கள். புரோக்கர் இல்லாமல் தேடினால் ஒரு மாத வாடகை மிச்சம். குறைந்த வாடகைப் போர்ஷன்கள் பெரும்பாலும் விளம்பரத்துக்கு வருவதே இல்லை. தெருமுனையில் இஸ்திரி போடுபவர், பால் போடுபவர், ரேஷன் கடை வரிசை, கோயில் வாசலில் பூக்கட்டும் பெண் ஆகியோருக்குத்தான் எந்த வீடு எப்போது காலியாகும் என்பது தெரியும்.

எந்தப் பக்கம் தேடலாம்? நீங்கள் பழகிய ரயில் பாதையிலேயே மேற்கே போங்கள். ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு என்று தள்ளிப்போகப் போக வாடகை இறங்கும். ஆனால் நிலையத்திலிருந்தோ பஸ் நிறுத்தத்திலிருந்தோ நடக்கும் தூரத்தில் இருக்கவேண்டும். ஷேர் ஆட்டோவுக்குத் தினமும் 40 ரூபாய் போனால் மாதம் 1,200; குறைந்த வாடகையில் கிடைத்த லாபம் அங்கேயே தீர்ந்துவிடும். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், அந்தப் பேருந்து அடிக்கடி வரும் சாலை உங்களுக்கு வாடகைக் குறைப்புக்குச் சமம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கேட்க வேண்டியது, மின் மீட்டர் தனியா, சப் மீட்டரா என்பது. மின்வாரியத்தின் தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, கொஞ்சம் மிக்சி என்று தனியாக வாழும் உங்களுக்கு ஏறக்குறைய அதிலேயே முடிந்துவிடும். சப் மீட்டர் என்றால் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8, 10 என்று தான் வைத்த விலையை வாங்குவார். 10 ரூபாய் என்றால் அதே 100 யூனிட்டுக்கு 1,000 ரூபாய், அதாவது மாதம் 500 கொடுப்பீர்கள். 5,000 சொல்லும் சப் மீட்டர் வீட்டைவிட 5,400 சொல்லும் தனி மீட்டர் வீடு உங்களுக்கு மலிவு. தண்ணீருக்குத் தனிப் பணமா, மெயின்டனன்ஸ் உண்டா என்பதையும் அப்போதே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அறை மலிவாகக் கிடைக்கும். வேண்டாம். சித்திரை வெயிலில் அதில் இருக்க முடியாது, படியும் ஏறவேண்டும். கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும், இரவில் வெளியே போகும்படி இருக்கக் கூடாது. தரைத்தளம் என்றால், மழைக்குத் தண்ணீர் உள்ளே வருமா என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டில் கேளுங்கள். 2015-இலும், 2023 டிசம்பர் புயலிலும் அந்தத் தெருவில் எவ்வளவு நின்றது என்று யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

உங்களுக்குச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால், குடிபோன வாரத்திலேயே அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். ரேஷன் அட்டையின் முகவரியை மாற்றவும் எழுதிப் பதிவான வாடகை ஒப்பந்தம் கைகொடுக்கும். முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் அது ஆதரவற்றவர்களுக்கானது. உங்களுக்கு ஓய்வூதியமும் சேமிப்பும் மகனும் இருப்பதால், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லவேண்டும். தனியாக வாழும், கணவரை இழந்த பெண் என்றதும் சில வீட்டுக்காரர்கள் முகம் திருப்புவார்கள். சிலர் சகுனம் பார்ப்பார்கள். சிலர் நீங்கள் என்ன ஆட்கள் என்று சாதியைக் கேட்பார்கள். இதைக் கேட்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. நீங்கள் அதை உங்கள் குறையாக எண்ணி ஒருநாளும் மனம் ஒடியக் கூடாது. வேறு சிலருக்கு இருப்பது நியாயமான பயம்: உடம்புக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்பது. அவர்களுக்குப் பதில் சொல்ல முடியும். ஓய்வூதிய ஆணையையும் வங்கிப் புத்தகத்தையும் காட்டுங்கள். உங்கள் மகனை நேரில் வரச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டு, தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுக்கட்டும். அதற்காகவாவது அவரிடம் நீங்கள் இதையெல்லாம் சொல்லியாகவேண்டும். பாரமாக இருப்பேன் என்று நினைக்கிறீர்கள். 7 லட்சம் போனபிறகு அவருக்குத் தெரியவந்தால்தான் அது அவருக்குப் பெரிய பாரம். இப்போது தெரிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து வந்துபோகும் செலவோடு முடியும்.

பெரும்பாக்கம் வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீடுகள் பயனாளிக்கு ஒதுக்கப்படுபவை. அவற்றை ஒதுக்கீடு பெற்றவர் விற்கவோ வாடகைக்கு விடவோ அனுமதி இல்லை. வாங்கித் தருகிறேன் என்று பணம் பெற்று ஏமாற்றியவர்கள்மீது காவல்துறையில் வழக்குகள் தொடர்ந்து பதிவாகின்றன. வாரியத்தின் வீட்டுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். சொந்த வீடு இல்லாமல், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கான திட்டங்கள் உண்டு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது எப்போது வரும் என்று எதிர்பார்த்து இன்றைய முடிவைத் தள்ளிப்போடக் கூடாது.

கடைசியாக உங்கள் அக்கா. உங்கள் கடிதத்தில் அவர் ஒரு வரியில் வந்து போய்விட்டார், நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அவர் 4,500 கொடுத்துத் தனியாக இருக்கிறார். நீங்கள் 6,000 கொடுத்துத் தனியாக இருக்கிறீர்கள். இருவரும் சேர்ந்து பட்டாபிராம் பக்கம் இரண்டு அறை உள்ள 7,000 ரூபாய் வீட்டை எடுத்தால் ஆளுக்கு 3,500. உங்கள் கையில் 7,480 நிற்கும். லீஸ் வீட்டில் நிற்பதைவிட அதிகம், முதலும் போகாது. தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு இல்லை என்று சொல்பவர்கள் இருவர் என்றால் கொடுப்பார்கள். இரவில் உடம்புக்கு முடியாவிட்டால் பக்கத்தில் ஒருவர் இருப்பார்.

உடன்பிறந்தவர்களானாலும் முதுமையில் ஒரே வீட்டில் வாழ்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். பழக்கங்கள் இறுகிப்போயிருக்கும், பழைய மனத்தாங்கல் ஏதாவது இருக்கலாம். அதனால் சில விஷயங்களை முதலிலேயே பேசி முடியுங்கள். ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் வேண்டும். அட்வான்ஸில் யார் எவ்வளவு போட்டது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள். ஆளுக்கு ஓர் அறை. அடுப்பு ஒன்றா இரண்டா என்பதையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரண்டு என்று முடிவானால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒருவர் விலக நினைத்தால் மூன்று மாதம் முன்னால் சொல்லவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு வாரம் அவர் வீட்டில் தங்கிப் பாருங்கள். அந்த வாரத்திலேயே வீடும் தேடலாம்.

வங்கி வைப்புநிதி என்றைக்கு முதிர்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு, மூன்று மாதத்தில் முதிர்கிறது என்றால் பொறுத்திருந்து எடுத்து மூத்த குடிமக்கள் திட்டத்தில் போடுங்கள். ஓராண்டுக்கு மேல் பாக்கி இருந்தால், இடையில் எடுப்பதற்கு எவ்வளவு வட்டி குறைப்பார்கள் என்று வங்கியில் எழுதி வாங்கிக்கொண்டு, அதன்பிறகு முடிவு செய்யுங்கள். கணக்குத் தொடங்கும்போது நியமனதாரர் (நாமினி) பெயரை நிரப்ப மறந்துவிடாதீர்கள்.